வாசலில் இருந்த வலை

அது நண்பகல் லுஹர் தொழுகை நேரமா, பிற்பகல் அஸர் நேரமா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. காட்டூரில் அத்தாவின் பழைய கிடங்குக்குள் நானும் தங்கை அஃப்ஷீனும் ஒளிந்திருக்கிறோம். நாளை அவளுக்குப் பிடிக்காத நிக்காஹ். சித்தப்பா ஜமீல் எங்களைத் தேடி அலைகிறார். ஓட்டு இடுக்கில் விழும் வெயிலில் தூசி மிதக்கிறது. வெளியே பைக் வந்து நிற்கிறது. அவள் என்னோடு ஒட்டிக்கொள்கிறாள். "பயப்படாதடி," என்கிறேன் அவள் காதோரம். "நபியும் தோழரும் குகையில இருந்தப்ப, வாசல்ல சிலந்திவலையைப் பார்த்துத்தானே தேடி வந்தவங்க திரும்பிப் போனாங்க." அவள் என்னையே பார்க்கிறாள். "இங்க இருந்த வலையை நீதானேக்கா கிழிச்சிட்டு உள்ள வந்தே?" என் முக்காட்டில் ஒட்டடை தொங்குகிறது. கதவு தள்ளப்படுகிறது.

சித்தப்பா எங்களை வீட்டுக்கு இழுத்துப் போனார். மறுநாள் சம்மதம் கேட்க வந்த சாட்சிகளிடம் அஃப்ஷீன் மாட்டேன் என்றாள்; நிக்காஹ் நின்றுபோனது. இப்போது சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சித்தப்பா எங்களோடு பேசுவதில்லை. நான் வீட்டில் ஒட்டடை அடிப்பதில்லை.