ராபர்ட்டின் வாரிசு

இங்கிலாந்தின் அந்தப் பழைய மாளிகைக்கு, நிலப்பிரபுக் குடும்பங்களின் வம்சாவளியை எழுத அரசரின் ஆள் வந்திருந்தார். இறந்துபோன ராபர்ட்டின் பெயரை எழுதிவிட்டு, "இவருக்கு வாரிசு உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றான் வால்டர். ராபர்ட்டின் ஒன்றுவிட்ட தம்பி அவன்; அவருடைய விதவையை மணந்து மாளிகையை ஆள்பவனும் அவன்தான்.

மது ஊற்றிக்கொண்டிருந்த இசபெல் நிமிர்ந்தாள். "நான் இருக்கிறேனே! நான் அவர் மகள்."

வந்தவர் அவளுடைய தாயைப் பார்த்தார். வால்டருக்குப் பெற்ற கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி அவள் சொன்னாள்: "பாவம், நாங்கள் எடுத்து வளர்த்த பெண். காய்ச்சலுக்குப் பிறகு இப்படித்தான் உளறுகிறாள்."

ராபர்ட்டின் பெயருக்குக் கீழே அவர் கோடு போட்டு முடித்தார்.

"அம்மா," என்று கூப்பிட்டாள் இசபெல்.

குழந்தை மட்டும் திரும்பிப் பார்த்தது.