குழல்வாய்மொழி சொன்ன யெஸ்

பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மாப்பிள்ளை சுந்தரபாண்டியன் பெண்ணிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தான்.

அறுபத்திரண்டாம் வருஷச் சீசன். மாப்பிள்ளை வீட்டார் அருவியில் குளிக்கப் பிரியப்பட்டதால் பெண் பார்ப்பதும் குற்றாலத்திலேயே என்றாகிவிட்டது. அதற்கென்று பெண்ணின் அப்பா ஆவுடைநாயகம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

பையனுக்குப் பம்பாய்க் கம்பெனியில் வேலை. வருகிறவள் நாலு பேர் முன்னால் இங்கிலீஷில் சரளமாகப் பேச வேண்டும் என்று முதல் கடுதாசியிலேயே எழுதியிருந்தான்.

ஆவுடைநாயகம் அதற்குக் கவலைப்படவில்லை. தென்காசியில் வத்தல் கடை வைத்திருந்த அவர் மூணாங்கிளாஸோடு நின்றவர். ஆனால் சொந்தபந்தம் பேசிய பேச்சைக் காதில் வாங்காமல் மகள் குழல்வாய்மொழியைப் பாளையங்கோட்டையில் பி.ஏ. படிக்க வைத்திருந்தார்.

அவன் கேட்டான். அவள் சொன்னாள். அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடுவது மட்டும் தெரிந்தது. ஒரு தடவை அவன் தடுமாறியபோது அவளே வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள்.

அவருக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. பக்கத்திலிருந்த மைத்துனர் பலவேசத்தை முழங்கையால் இடித்தார்.

நடுவில் மாப்பிள்ளை அவரைக் கண்ணால் காட்டி என்னமோ சொல்லிச் சிரித்தான். தன்னையும் பேச்சில் சேர்த்துக்கொள்கிறாரே என்று அவரும் கூடச் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை.

கடைசியாக அவன் கேட்டான். "டு யூ மைண்ட் மேரியிங் மீ?"

"யெஸ், ஐ டூ."

யெஸ் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. பெண்கள் குலவை போட்டார்கள். அவனுடைய அம்மா பூவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

சுந்தரபாண்டியன் கையமர்த்தினான். பரீட்சைத் தாளைத் திருத்துகிற வாத்தியார் மாதிரி, எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் விளக்கினான். என்னைக் கட்டிக்கொள்ள ஆட்சேபனை உண்டா என்றுதான் நான் கேட்டேன், சம்மதமென்றால் 'நோ' என்று சொல்ல வேண்டும், போகப்போகப் பழகிவிடும்.

"தெரியும்," என்றாள் குழல்வாய்மொழி. "தெரிஞ்சுதான் யெஸ் சொன்னேன்."

மாப்பிள்ளை வீட்டார் காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போனார்கள்.

பலவேசம் கோபத்தில் ஆடித் தீர்த்தார். ஆவுடைநாயகத்துக்கு வருத்தமில்லாமல் இல்லை. ஆனால் பம்பாய்க்காரன் முகம் சுருங்கிய விதம் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. அத்தனை பேர் நடுவில், குரலை உயர்த்தாமல், மூன்றே வார்த்தை. தான் படிக்க வைத்த பிள்ளை. மீசையைத் தடவுகிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

தென்காசி பஸ்ஸில் மெல்லக் கேட்டார்.

"ஏட்டி, நடுவுல என்னயக் காட்டி என்னமோ சொல்லிச் சிரிச்சாம்லா, அதுக்கு என்ன அர்த்தம்?"

எந்தக் கேள்விக்கும் யோசிக்காமல் பதில் சொன்னவள், கொஞ்ச நேரம் வெளியே சாரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அதுக்குத் தமிழ்ல வார்த்தை இல்லப்பா."