சத்தம் நின்ற கார்

அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் கார் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் அன்செல்மோ, ரிகோவின் காரிலிருந்து அவன் மனைவி யெசேனியா இறங்குவதைப் பார்த்தார். அவள் இடது கையில் மாவுக்கட்டு.

"கையில என்னம்மா?"

"படியில விழுந்துட்டேன். கார் பின்னால இருக்குற பெரிய ஸ்பீக்கர், அந்த சப்வூஃபர், ஒரு வாரமா வேலை செய்யலண்ணே. ஃபியூஸ் மாத்தியும் ஆம்ப்ளிஃபயர்ல லைட் எரியல. அவர் எழுந்திரிக்கிறதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க."

"நீயா இதைக் கேக்குற? அந்த வண்டி தெருவுல திரும்பினாலே ஜன்னலெல்லாம் ஆடுதுன்னு உன் பக்கத்து வீட்டுக்காரங்க எங்கிட்ட வந்து புலம்புறாங்க."

"புலம்பட்டும். நீங்க வயரைப் பாருங்க."

அன்செல்மோ குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணும் கெட்டுப் போகலம்மா. போன வாரம் ரிகோ புது ஸ்பீக்கர் மாட்ட வந்தப்ப நான்தான் எர்த் வயரை லூசா விட்டேன். கொஞ்ச நாளாவது நீங்கல்லாம் நிம்மதியா தூங்கணும்னு நெனச்சேன். ஆம்ப்ளிஃபயர் போயிடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லிடு."

யெசேனியா அவரையே பார்த்தாள்.

"அவர் குடிச்சிட்டு வர்றப்ப நாலு தெரு தள்ளியே அந்தச் சத்தம் கேட்டுடும். பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு, பின்வாசல் வழியா அக்கா வீட்டுக்கு ஓடிடுவேன். வெள்ளிக்கிழமை அவர் வந்து என் சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் வண்டி வந்ததே தெரியலண்ணே."

அன்செல்மோ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போனார்.

"நல்லா இறுக்கி விடுங்க" என்றாள் யெசேனியா. "முன்ன இருந்ததை விட சத்தம் இன்னும் கொஞ்சம் கூட்டியே வைங்க."