முயல் குதிக்கும் கதவு

"நம்ம கேம் ஓடுற இன்ஜினோட பழைய வெர்ஷனுக்கு இன்னையோட சப்போர்ட் முடியுது. புதுசுக்கு மாத்தலைன்னா ஆப் ஸ்டோர்ல இருந்து தூக்கிடுவாங்க," என்றார் கணவர்.

மனைவி கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. "மாத்தினா முயல் குதிக்காதுல்ல?"

"குதிக்காது. அது பழைய இன்ஜின்ல இருந்த பக், ப்ரோகிராம்ல ஒரு தப்பு. புதுசுல சரி பண்ணிட்டாங்க."

"எதைச் சரி பண்றதுன்னு ஒரு விவஸ்தை வேணாம்?"

அது அவர் உருவாக்கிய, இருவர் சேர்ந்து ஆடும் விளையாட்டு. நரி அவளுக்கு, முயல் மகள் வாண்டுவுக்கு. வாண்டு காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் மனைவி நரியைக் கதவருகே கொண்டுபோகும்போதெல்லாம், யாரும் தொடாத முயல் மூன்று முறை குதிக்கும். கதவைக் கண்டால் வாண்டு அப்படித்தான் குதிக்க வைப்பாள்.

"ஒரு பக்கை நம்பி எத்தனை நாள்மா இப்படியே உட்கார்ந்திருப்பே?"

அவரே விளையாட்டைப் புது வெர்ஷனுக்கு மாற்றி முடித்தார்.

அவள் நரியைக் கதவருகே நடத்தினாள். முயல் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் போனாள்.

முயல் குதித்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

"பாத்தீங்களா! உங்க புது வெர்ஷன்லயும் பக் இருக்கு!" அழுதுகொண்டே சிரித்தாள்.

கணவர் தன் வெறும் கைகளைப் பார்த்தார். பழைய இன்ஜினில் அப்படி ஒரு பக் இருந்ததே இல்லை. இரண்டு வருடமாக அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, மடியில் மறைத்த இன்னொரு கன்ட்ரோலரால் முயலைக் குதிக்க வைத்தவர் அவர்தான். இதோடு போதும் என்று, அதை இன்று காலையில்தான் உடைத்துக் குப்பையில் போட்டிருந்தார்.