பதினாலு இலை

"உங்களுக்கு இனிமே செடி கிடையாதும்மா" என்றார் நர்சரிக்காரர்.

அந்த அம்மா குடையை மடக்கிக்கொண்டே சிரித்தார். "அப்படிச் சொல்லாதீங்க தம்பி. ஒண்ணே ஒண்ணு."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. ஒரே வருஷத்துல மூணு வெண்ணெய்ப்பழச் செடி! தண்ணியை ஊத்தி ஊத்தியே கொன்னிருக்கீங்க. இங்க பெய்யற மழையே அதுக்கு அதிகம். வேர் மூச்சு விட வேண்டாமா?"

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சேவா ஊத்துறீங்க?"

பச்சை வலைக்கூரைக்குக் கீழே வெளிச்சம் குளத்தின் அடியில் இருப்பதுபோல அசைந்தது. அந்த அம்மா அதற்குள் நீந்துகிறவர் மாதிரி மெல்ல நடந்தார். பையிலிருந்து முடிச்சுப் போட்ட நூல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு செடியாக உயரம் அளந்தார். உதடு அசைய இலைகளை எண்ணினார்.

"இதுதான். ஆனா பதினஞ்சு இலை இருக்கே" என்றவர், நர்சரிக்காரர் தடுப்பதற்குள் ஒன்றைக் கிள்ளிவிட்டார்.

"எண்ணி எடுக்க இது என்ன சீட்டுக்கட்டாம்மா? சரி, தர்றேன். ஆனா நானே வந்துதான் நடுவேன். உங்க கைராசியை நம்ப முடியாது."

அம்மாவின் முகம் மாறியது. கொஞ்சம் யோசித்தார்.

"ரெண்டு மணிக்கு வாங்க. பின்வாசல் வழியா. பெல் மட்டும் அடிச்சிடாதீங்க. வீட்டுக்காரர் தூங்கிட்டிருப்பார்."

ஓகோ, புருஷனுக்குத் தெரியாமல் மூடி மறைக்கிற வேலையா என்று நினைத்துக்கொண்டார் நர்சரிக்காரர்.

அவர் போனபோது மழை விட்டிருந்தது. தோட்டத்து மண்ணிலிருந்து வெயிலில் மெல்லிய ஆவி எழுந்தது. நடுவில் பழைய செடி, இலை நுனியெல்லாம் கருகி நின்றது. மண் சேறாகக் குழைந்து கிடந்தது. பக்கத்துச் சுவரில் சாக்பீஸ் எழுத்துகள். தேதி தேதியாக உயரம். கடைசி வரியில், 'இலை 14'.

மணல் கலந்து மண்ணை மேடாக்கிப் புதுச் செடியை நட்டார். பழையதை அம்மா அவசரமாகச் சாக்குக்குள் திணித்தார்.

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. கையில் பூவாளியோடு ஒரு பெரியவர் வந்தார். கண்களில் தூக்கம் கலையவில்லை. ஒவ்வோர் இலையாகத் தொட்டு எண்ணிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"பதினாலு. சரியா இருக்கு."

பூவாளி காலியாகும்வரை ஊற்றினார். உள்ளே போனார்.

நர்சரிக்காரர் கை கழுவி முடிப்பதற்குள் பெரியவர் மறுபடியும் வந்தார். பூவாளி நிறைந்திருந்தது.

"என்னம்மா இது, இன்னிக்குச் செடிக்குத் தண்ணியே ஊத்தலையே!" என்றார் மனைவியிடம்.

"ஆமாங்க, மறந்தே போச்சு. ஊத்துங்க" என்றார் அந்த அம்மா.

நர்சரிக்காரரின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

பெரியவர் அப்போதுதான் அவரைக் கவனித்தார். "செடியைப் பார்க்க வந்தீங்களா? கொட்டையிலிருந்து நானே முளைக்க வச்சது. காய்க்கிறப்போ இதோட நிழல்ல ரெண்டு நாற்காலி போடப் போறேன். எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா இவளைத் தண்ணி மட்டும் ஊத்த விடமாட்டேன். இவளுக்குக் கைராசி கிடையாது. என் கையில இதுவரைக்கும் ஒரு செடிகூடச் செத்ததில்லை, தெரியுமா?"

சாக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க கைராசி அப்படி சார்" என்றார் நர்சரிக்காரர்.

பின்வாசல்வரை வந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அதுக்குள்ள இது வளர்ந்திருக்கும்ல, அடுத்ததுக்கு இருபது இலை இருக்கட்டுமாம்மா? ஒண்ணை இப்பவே தனியா எடுத்து வச்சுடறேன்."