வாங்காதீங்க மேடம், இந்த வண்டியை!

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்த நாலரை லட்சத்தைக் கொண்டுபோய் பேங்க்ல போடுங்க. வட்டியாவது வரும்" என்றார் தியோடர்.

"நான் வேலை பாக்கறதே பேங்க்லதான் அங்கிள். எவ்வளவு வட்டி வரும்னு எனக்குத் தெரியும்" என்றாள் ரூபினி.

நாற்பத்து மூன்று வயதுக்காரருக்கு அந்த 'அங்கிள்' சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

லிங்கராஜபுரத்தில் மெக்கானிக் ஜாய்சனின் கார் ஷெட். தலைக்கு மேலே லிஃப்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது தியோடரின் ஸ்போர்ட்ஸ் செடான். வயது பன்னிரண்டு. இவருக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தப்பித்திருந்தார்கள். கியர்பாக்ஸ் உயிரை விட்டு மூன்று வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்க்க வருவதுபோல் தினமும் வந்து, ஸ்டூலில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார் மனிதர். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்தான் இல்லை. இன்றைக்கு ஜாய்சன் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வந்துவிட்டார்.

ரூபினிக்கு பிரேசர் டவுனில் பேங்க் உத்தியோகம். இதே மாடல் வண்டி ஒன்று மல்லேஸ்வரத்தில் விலைக்கு வந்திருக்கிறது. காலேஜ் நாளிலிருந்து இந்த வண்டிமேல் கண். ஐந்து வருடச் சேமிப்பு. பன்னிரண்டு மணிக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அதற்குள் ஜாய்சன் ஒருமுறை வந்து பார்த்துச் சொன்னால் தைரியம் என்று அவனைக் கூப்பிட வந்தவளை, வாசலிலேயே பிடித்துக்கொண்டார் தியோடர்.

"வாங்கின முதல் மாசம் ஏசி. அடுத்த மாசம் வாட்டர் பம்ப், முப்பத்தெட்டாயிரம். அப்புறம் ஆயில் லீக். எங்கப்பா கோலார்ல பூமிக்கு அடியில போய் தங்கம் எடுத்தாரு மேடம். நான் வண்டிக்கு அடியில போய் தங்கமா கொட்டிட்டு இருக்கேன்."

ரூபினி சிரித்துவிட்டாள். "சும்னே பயமுறுத்தாதீங்க அங்கிள். பழைய வண்டின்னா நாலு செலவு இருக்கத்தான் செய்யும்."

"நாலா? டயர் மட்டுமே நாலு. ஒண்ணு பதினெட்டாயிரம். இதுல ஸ்டெப்னியே கிடையாது. ஒருநாள் பீன்யாவுல டயர் போச்சு. ரோட்டோரமா நின்னு, போற வர்ற லாரிக்காரன்கிட்ட எல்லாம் விளக்கம் சொல்லிட்டு இருந்தேன்."

"ஆனா பிக்கப்பு? நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏழு செகண்ட்ல தொடுமாமே?"

"தொடும். ஹென்னூர் சிக்னலைத் தாண்ட இருபத்தஞ்சு நிமிஷம். ஸ்போர்ட்ஸ் மோடுன்னு ஒரு பட்டன் இருக்கு மேடம். மூணு வருஷத்துல ரெண்டு தடவைதான் அமுக்கியிருக்கேன். அதுல ஒண்ணு, என் பையன் தெரியாம அமுக்கினது."

ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு ஜாய்சன் பல்லைக் கடித்தான். "அண்ணா, அவங்க முடிவை அவங்க எடுக்கட்டும்ணா."

"நீ சும்மா இரு. டைமிங் செயினைப் பத்திச் சொன்னியா அவங்களுக்கு? செயின் எங்கே இருக்கு? இன்ஜினுக்குப் பின்னாடி. அதை மாத்தணும்னா இன்ஜினையே கீழ இறக்கணும். இறக்கினா ஒண்ணரை லட்சம். இப்போ கியர்பாக்ஸ். புதுசு மூணே கால் லட்சம், பழசு இந்த ஊர் முழுக்கத் தேடியாச்சு, கிடையாது. பையன் ஸ்கூல் வேன்ல போறான், என் பொண்டாட்டி கிரேஸ் பஸ்ல போறா, இந்த வண்டியைப் பாக்க நான் ஆட்டோல வர்றேன். 'அதை வித்துட்டு வா, இல்லன்னா அங்கேயே படுத்துக்கோ'ன்னுட்டா கிரேஸ்."

ரூபினி அண்ணாந்து பார்த்தாள். குரலைத் தணித்துக் கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்க அங்கிள். ஓட்டினா எப்படி இருக்கும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, நந்தி மலைக்குப் போகிற காலி ரோடு தியோடரின் முகத்தில் வந்து போனது. அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு பதிலே தேவைப்படாது.

"எப்படி இருக்கும்? வண்டி மாதிரிதான் இருக்கும்" என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நான் ஏமாந்தது போதும் மேடம். நீங்களும் வேணாம்."

ரூபினி போனை எடுத்தாள்.

"சீனிவாசராகவன் சார், ரூபினி பேசறேன். சாரி சார், வண்டி எனக்கு வேணாம். இல்ல சார், விலையில ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் தைரியம் வரல."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு தியோடரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நல்லவேளை உங்களைப் பாத்தேன் அங்கிள். யாரு இவ்வளவு மனசு விட்டுச் சொல்லுவாங்க?"

"என் முட்டாள்தனம் இன்னொருத்தருக்காவது உதவட்டுமே மேடம்."

அவள் ஸ்கூட்டர் திருப்பத்தில் மறைந்ததுதான் தாமதம், ஜாய்சன் ஸ்பானரைத் தகரப் பெட்டியில் வீசினான். "ஏண்ணா, வந்த கஸ்டமரை இப்படியா துரத்துவீங்க? நீங்க கெட்டது போதாதுன்னு என் பொழப்பையும் கெடுக்கறீங்க!"

பொறு என்று கையைக் காட்டிய தியோடர், போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து, தலைக்கு மேலே கியர்பாக்ஸ் இல்லாமல் தொங்கும் தன் வண்டியைப் பார்த்தபடி நின்றார்.

"வணக்கம், சீனிவாசராகவன் சார், தியோடர். ஜாய்சன் ஷெட்டுக்குக் கிளம்பியிருக்காங்கன்னு காலையில சொன்னீங்களே, அந்தப் பொண்ணு வேணாம்னுட்டாங்க போலிருக்கு. நேத்து நான் கேட்ட மூணு லட்சத்துக்கே எனக்குக் குடுத்துடுங்க சார், பன்னிரண்டு மணிக்கு அட்வான்ஸோட வந்து நிக்கறேன்."