சாக்லேட் கிடையாது

"கொட்டகையில வச்சிருந்த பொரி உருண்டை டப்பா எங்க?" வயலுக்குக் கிளம்பிய புகழேந்தி கேட்டான்.

"எழில் எடுத்துட்டுப் போயிருப்பா," என்றாள் இசைவாணி பெருமையாக. "இந்தத் தீபாவளிக்கு சாக்லேட்டே கிடையாது, வீட்டுப் பொரி உருண்டைதான்னு கண்டிப்பா சொல்லிட்டேன்."

"ஐயோ! நீ செஞ்சது அடுக்களையில இருக்கு. கொட்டகையில இருந்தது வயல் எலிக்கு மருந்து கலந்து நான் உருட்டினதுடி!"

இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். காலி டப்பாவோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள் மகள்.

"எழில், உருண்டையைத் தின்னியா?"

அம்மாவின் முகத்தைப் பார்த்து மிரண்டாள். "தின்னேம்மா."

"எத்தனை?"

"எல்லாத்தையும்."

இசைவாணி அலறினாள். புகழேந்தி பைக்கை உதைத்தான். "ஏறுங்க, குத்தாலம் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்!"

ஆஸ்பத்திரி என்றதும் எழில்மொழி ஓவென்று அழுதாள். "பொய்ம்மா! ஒண்ணுகூடத் தின்னல. நீ அடிப்பேன்னுதான் அப்படிச் சொன்னேன். எல்லாத்தையும் வரப்புல எலி வளைக்குள்ள கொட்டிட்டு, கடையில சாக்லேட் வாங்கித் தின்னேன்."

இசைவாணி மகளின் வாயை முகர்ந்து பார்த்தாள். சாக்லேட் வாசனை. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னும் ரெண்டு சாக்லேட் வாங்கித் தரட்டுமாடி கண்ணு?"